எல்லைகளற்ற பொறியாளர்கள் (அமெரிக்கா)

வளரும் நாடுகளின் சிற்றூர்களில் குடிநீர், கழிவகற்றல் வசதிகளை அமைக்கப் பொறியாளர்களையும் பொறியியல் மாணவர்களையும் தன்னார்வலர்களாக ஈடுபடுத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு. கொலராடோ பல்கலைக்கழகக் குடிசார் பொறியியல் பேராசிரியர் பெர்னார்டு அமாடெய் 2002இல் நிறுவினார். அதற்குத் தூண்டுதல் ஒரு பயணம்: 2000இல் அவர் பெலீசு நாட்டின் சான் பாப்லோவுக்குச் சென்றபோது, ஆற்றுநீர் சுமக்கும் வேலையால் சிறுமியர் பள்ளி செல்ல இயலாதிருந்தனர். மறு ஆண்டு மாணவர்களுடன் திரும்பி, அருவியின் விசையால் நீரேற்றும் அமைப்பை உருவாக்கினார். அதற்கு மின்சாரமோ எரிபொருளோ தேவையில்லை. எல்லைகளற்ற பொறியாளர்களின் திட்டங்களுக்கான கோரிக்கை ஊராரிடமிருந்தே வருகிறது. கட்டுமானச் செலவில் ஒரு பங்கையும் அவர்கள் ஏற்கின்றனர். குழாய் பதிப்பதைவிடக் கடினமானது பராமரிப்பு; உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்காவிடில் பழுதான பம்பு முடங்கிவிடும். இதே பொருள்படும் பெயரில் பிரான்சில் 1982இல் தொடங்கிய அமைப்பு வேறானது.