பங்குனி ஆமையும் சித்திரைத் தடையும்

அறுபதுகளில் குருசுக்குப்பம் கடற்கரையில் நல்ல மணல் இருந்தது. மாசி, பங்குனியில் விடியற்காலை போனால் டிராக்டர் ஓடியது போல மணலில் ஒரு தடம் தெரியும். "ராத்திரி ஆமை ஏறியிருக்கு" என்பார் அப்பா. அதன் பெயரே பங்குனி ஆமை. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். அதைத் தோண்டி எடுத்துக் கூடையில் விற்பார்கள். தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான்.

1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிற்பாடு இந்த ஆமைக்கும் காவலானது. முட்டை விற்பனை மெல்ல ஓய்ந்தது. ஆனால் அதற்குள் விசைப்படகும் இழுவைமடியும் வந்துவிட்டன. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் மடிக்குள் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

"அதற்குத்தானே தடைக்காலம் இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமைகள் அதிகம் கரையேறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. பங்குனி முடிந்து சித்திரை பிறந்த பிறகுதான் படகுகள் கரையில் நிற்கின்றன!

தடை நாளைக் கடலுக்குத் தக்கபடி வைக்கலாம் என்பதற்கு நம் மாஹேயே சாட்சி. மேற்குக் கரை என்பதால் அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆனால் ஏற்கெனவே இரண்டு மாதம் வருமானமில்லாத மீனவரிடம் இன்னும் மூன்று மாதம் சும்மா இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழி உண்டு. மடிக்குள் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் இறால் உள்ளே போகும், ஆமை மேல்வாய் வழியே வெளியேறும். இதற்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்க இறால் மீனவர்களே. ஜெல்லி மீனை ஒதுக்கச் செய்தது ஆமைக்கும் உதவியது. கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் நம் மடிகளுக்கு ஏற்ப ஒன்றை வடிவமைத்திருக்கிறது. "மீனும் கொஞ்சம் போய்விடுமே" என்பது படகுக்காரர்களின் கவலை. நியாயம்தான். ஆனால் இது இல்லாததால் 2019இலிருந்து இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அதுவும் நஷ்டம்தானே? அந்த மூன்று மாதம் கரையோரக் கடலை விட்டு விலகி இழுத்து, இந்தச் சட்டத்தையும் பொருத்தினால் தொழிலும் நடக்கும்.

எண்பதுகளின் இறுதியில் துறைமுகக் கல்சுவர் எழுந்தபின் குருசுக்குப்பத்து மணலும் போய்விட்டது. ஆமைகள் இப்போது தெற்கே நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கம் ஏறுகின்றன. அங்கேயாவது அந்தத் தடத்தை என் பேத்திக்குக் காட்ட வேண்டும்.