வார்தாத் திட்டமும் டாக்டர் ஜாகிர் ஹுசைனும்

கழிவென்று எதனையும் ஒதுக்காமல், பயன்பட்ட பொருளை மீண்டும் மண்ணுக்கோ தொழிலுக்கோ திருப்பிவிடும் வாழ்க்கைமுறையைப் பள்ளிப் பருவத்திலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்ற குரல் இன்று உலகெங்கும் கேட்கிறது. ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று அதற்குப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2003-இல் அதனை மீண்டும் வலியுறுத்தவும் நேர்ந்தது. பாடநூல்கள் வந்தன; தேர்வில் வினாக்களும் வந்தன. ஆயினும் இது மேனாட்டாரிடமிருந்து நேற்று வந்திறங்கிய கருத்து என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் சரியன்று. 1937-இல் இந்நாட்டில் ஒரு பாடத்திட்டம் வரையப்பட்டது. அதனை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு முஸ்லிம் கல்வியாளர். அதன் உறுப்பினருள் இருவர் தமிழர். இவற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்கவில்லை என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அந்தத் திட்டம் பிறந்த சூழ்நிலை விந்தையானது. 1937 ஜூலையில் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவியேற்றன. மதுவிலக்கு அவர்களுடைய வாக்குறுதி. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் அதனைத் தொடங்கியும் வைத்தார். ஆனால் மாகாண அரசுகள் பள்ளிகளுக்குச் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி கள்ளும் சாராயமும் ஈட்டித் தந்த வரிப்பணம். கள்ளுக்கடையை மூடினால் பள்ளிக்கூடத்தையும் மூடவேண்டி வருமோ என்ற கேள்வி எழுந்தது. குழந்தைகளின் எழுத்தறிவுக்குக் குடிகாரனின் காசுதான் வழி என்னும் நிலையைக் காந்தியடிகள் இழிவென்று கருதினார். பள்ளி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளட்டும். பிள்ளைகள் ஒரு கைத்தொழிலைக் கற்று, அதன் வழியாகவே மற்றெல்லாப் பாடங்களையும் பயிலட்டும் என்று அவர் 1937 ஜூலை 31-ஆம் நாள் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். (கள்ளு வருமானத்தை ஈடுசெய்யச் சென்னை அரசு 1939-இல் கொணர்ந்த விற்பனை வரியோ, இன்றளவும் வேறு வடிவில் நம்மைத் தொடர்ந்து வருகிறது.)

அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் தலைவராயிருந்த ஜாகிர் ஹுசைன் சாகிபும் வந்திருந்தார். அவர் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த இந்தியாவின் வேளாண் பொருளியல் குறித்து ஆய்வெழுதி, 1926-இல் பெர்லின் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். உழைப்பின் வழியே கல்வி என்று முழங்கிய ஜெர்மானிய அறிஞர் கெர்ஷன்ஸ்டைனரின் கருத்துகளில் தோய்ந்தவர். காந்தியடிகளின் முன்னிலையிலேயே அவர் தம் ஐயத்தை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். தொழில்வழிக் கல்வி புதியதன்று. அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் அதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஆனால் பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பதை மிகுதியாக அழுத்தினால், ஆசிரியர் ஏழைச் சிறுவர்களின் உழைப்பைக் கசக்கிப் பிழியும் கங்காணியாக மாறிவிடுவார் என்றார். இவ்வாறு மறுத்துப் பேசியவரையே பாடத்திட்டக் குழுவின் தலைவராக அமர்த்தினார்கள். நம் அரசியல் வரலாற்றில் இத்தகைய பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை.

குழுவில் கே. ஜி. சையிதைன், வினோபா, காகா காலேல்கர், கே. டி. ஷா ஆகியோரோடு, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தனர். டிசம்பர் 2-ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை, தாய்மொழியில், கட்டாய இலவசக் கல்வி. நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளியில் 3 மணி 20 நிமிடம் அடிப்படைத் தொழிலுக்கு. நூற்பும் நெசவும், தச்சு, வேளாண்மை, காய்கனித் தோட்டம், தோல் வேலை முதலியவற்றுள் ஊருக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணி நேரம் இராட்டை சுற்றுவதா கல்வி என்று நகைத்தவர் உண்டு. அவர்கள் பருத்தியை அறியாதவர்கள். ஒரு சிறுவனின் கையில் கொட்டையோடு கூடிய பருத்தியை எடைபோட்டுக் கொடுத்தால், கொட்டை நீக்கியபின் பஞ்சு எவ்வளவு, கொட்டை எவ்வளவு என்று நிறுக்கும்போது அவன் விழுக்காடு கற்கிறான். நூற்கும்போது அறுந்து வீழும் துணுக்குகளையும் அவன் நிறுத்துக் குறிக்க வேண்டும்; கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் நடுவில் போனது எங்கே என்று தேட வேண்டும். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டமோ அத்தனை நம்பர் நூல் அது. இந்த ஒன்றில் வகுத்தலும் பெருக்கலும் விகிதமும் அடங்கிவிடுகின்றன. பருத்திக்கொட்டை மாட்டுக்குப் போகிறது. மாட்டின் சாணம் எருக்குழிக்குப் போகிறது. எரு மீண்டும் பருத்திக் காட்டுக்குப் போகிறது. செடியின் காய்ந்த மாறு அடுப்பெரிக்கிறது. பருத்தி எந்த மண்ணில் விளையும் என்பது புவியியல். நம் நெசவாளர் எப்படி நலிந்தார்கள் என்பது வரலாறு. ஒரு பொருளை அதன் பிறப்பிடத்திலிருந்து இறுதிவரை விடாமல் பின்தொடரும் பழக்கத்தை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடநூலை நாம் கண்டதில்லை.

சேவாகிராமத்தில் ஆரியநாயகமும் அவர்தம் துணைவியார் ஆஷாதேவியும் நடத்திய பள்ளியில் துப்புரவும் ஒரு பாடமே. குப்பையும் கழிவும் மக்கி எருவாவதைப் பிள்ளைகள் தம் கைகளாலேயே செய்து கற்றனர். இலை தழை, சாணம், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி மக்கவைக்கும் முறையை ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் இந்தூரில் ஆராய்ந்து 1931-இல் நூலாக வெளியிட்டிருந்தார். அவரே கிழக்கு நாடுகளின் உழவர்களைத் தம் ஆசான்களாகக் கருதியவர்.

குமரப்பாவைப் பற்றித் தனியே ஒரு சொல். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற அவர், இயற்கையையே ஒரு பேரேடாகக் கண்டார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் தாதுப் பொருள்களும் ஒருமுறை எடுத்தால் குறைந்துபோகும் இருப்பு. ஓடும் நீரும் வளரும் மரமும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் வரவு. இருப்பைத் தின்று வாழும் வாழ்வு நிலையற்றது. போட்டியும் போரும் அதன் பிள்ளைகள். சிறையிலிருந்தபோது எழுதி 1945-இல் வெளிவந்த அவருடைய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் ஆங்கில நூலின் கருத்து இதுவே. வார்தாவின் மகன்வாடியில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கொன்றை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய் விளக்கையும் அதனையும் அருகருகே வைத்து, எது இருப்பு, எது வரவு என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் விடை சொல்லும். அவர் 1960-இல் மதுரையில் காலமானார். கடைசி ஆண்டுகளை அவர் கழித்த தே. கல்லுப்பட்டியில்கூட இன்று எத்தனை பேர் அவர் நூலைப் படித்திருப்பார்கள்?

இனி நம் சமுதாயத்தின் பங்கு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டில் முஸ்லிம் லீக் வெளியிட்ட பீர்ப்பூர் அறிக்கையில் அது கண்டனத்துக்குள்ளாயிற்று. சமயக் கல்விக்கு அதில் இடமில்லை என்பது முதன்மையான குறை. அதில் நியாயமும் உண்டு. மத்திய மாகாண அரசு தன் பள்ளிகளுக்கு ‘வித்யா மந்திர்’ என்று பெயரிட்டது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. வேறொரு திட்டத்தின் பெயர் மீதிருந்த சினம் வார்தாத் திட்டத்தின் மீதும் விழுந்தது. ஜாகிர் ஹுசைன் சாகிபோ இருபுறத்து அம்புகளையும் தாங்கி நின்றார். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்ற நபிகள் நாயகத்தின் (ஸல்) போதனையைச் சிறுவயதிலேயே மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இஸ்ராஃப் எனும் வீண்விரயத்தை மார்க்கம் கண்டிப்பதை அறிந்த ஒரு சமுதாயம், அதே கருத்தைப் பள்ளிப் பாடமாக்கிய ஒரு முஸ்லிமின் பணியைப் பிறர் திட்டமென்று தள்ளிவைத்தது வருத்தத்துக்குரியது. சமயக் கல்வியைச் சேர்த்து அத்திட்டத்தைத் திருத்திக் கொள்ளும்படி கேட்டிருக்கலாம் என்பதே நம் கருத்து. அவர் 1938-இல் ஜாமியாவில் ஆதாரக் கல்வி ஆசிரியர்களுக்கென ‘உஸ்தாதோன் கா மத்ரஸா’வைத் தொடங்கி, கூச்சலுக்கிடையே தம் வேலையைத் தொடர்ந்தார்.

ஆயினும் திட்டம் தளர்ந்ததற்கு எதிர்ப்பு மட்டும் காரணமன்று. இராட்டையே அறியாத ஆசிரியர்களிடம் இராட்டையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நூற்ற நூல் பல இடங்களில் நெசவுக்கு உதவாமல் அறுந்தது. வீணாக்காதே என்று கற்பிக்க வந்த பள்ளியில் நல்ல பஞ்சு வீணாயிற்று! ஜாகிர் ஹுசைன் சாகிப் இறுதிவரை வற்புறுத்தியது இதனைத்தான்: எல்லா வேலையும் கல்வியாகிவிடாது. முதலில் சிந்தித்துத் திட்டமிட்டு, பின் செய்து, செய்ததைத் தானே குறைகண்டு திருத்தும் வேலையே கல்வி. மற்றது வெறும் கூலி வேலை.

தமிழகத்தில் அதற்கு வந்த இடர் வேறு வகையானது. 1953-இல் இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்தெழுந்தது; 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது முறையே. வார்தாவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பள்ளியில் ஒரே தொழிலை ஒன்றாய்ச் செய்தார்கள். இங்கோ பள்ளி பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கே திருப்பி அனுப்பிற்று. இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்வாரில்லாமல், கைத்தொழில் என்றாலே சாதித் தொழில் என்ற அச்சம் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

கோத்தாரிக் குழு (1964–66) ஆதாரக் கல்வியை ‘வேலை அனுபவம்’ என்று சுருக்கிற்று. 1977-க்குப் பின் அது வேறொரு நீண்ட பெயர் பெற்று, கால அட்டவணையின் கடைசிப் பாடவேளைக்கு ஒதுங்கிற்று. இப்போது பிளாஸ்டிக்கை விலக்குக என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். 2021-இல் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அப்பையின் பஞ்சு எந்த ஊரில் விளைந்தது, சாயநீர் எந்த ஆற்றில் கலந்தது, கிழிந்தபின் பை எங்கே போகும் என்று மாணவனைக் கணக்கெழுதச் சொல்லும் வகுப்பறை எத்தனை?

மூடிக்கிடந்த சேவாகிராமப் பள்ளி, 2005-இல் ‘ஆனந்த் நிகேதன்’ என்ற பெயரில் மறுபடி திறக்கப்பட்டது. மராத்தி வழிப் பள்ளி அது. தோட்டம் போடுவதும் சமைப்பதும் நூற்பதும் அங்கே பாடங்கள்.