துறைமுகத்தைச் சூழ்ந்தோர் கற்ற கதை

திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கைப்பற்றிய வரலாற்றை நாம் பாடநூல்களிலே படித்திருக்கின்றோம். அத்துறைமுகத்தைச் சூழ வாழும் மீனவரும் சுமை தூக்குவோரும் அவர்தம் மக்களும் எவ்வழியிற் கல்வி பெற்றனர் என்ற வரலாறு அந்நூல்களில் இல்லை. இணையவழிக் கல்வியின் பெருமையைப் பலரும் பேசும் இந்நாளில் அதனை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே தன் தேர்வுகளை வெளியாருக்குத் திறந்துவிட்டது. பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் எனப் புகழ்பெற்ற காரைதீவு மயில்வாகனனார், இலங்கையில் ஆசிரியராயிருந்துகொண்டே அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவரும் அவரே. எனினும் அவ்வழி ஆங்கிலமறிந்த சிலருக்கே திறந்திருந்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் உழவர் பிள்ளைகளுக்கு அதன் வாயிற்கதவு கண்ணிற் படவும் இல்லை.

1957இல் ஆங்கிலேயர் தமது கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். 1980களில், திருகோணமலைக்கு வடக்கே, ஜெர்மானிய வானொலியாகிய டொய்ச்ச வெல்லேயின் அஞ்சல் நிலையம் எழுந்தது. அதன் கோபுரங்கள் ஆசியாவெங்கும் குரல் பரப்பிக்கொண்டிருந்த காலத்திலேதான், 2006இல், மூதூரிலும் சம்பூரிலும் போர் மக்களைப் பெயர்த்தெறிந்தது. பிள்ளைகளின் படிப்பும் அவர்களோடு அலைந்தது. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கருவி இங்கே நின்றது. பயன் வேறெங்கோ சென்றது!

பொதுமக்களுக்கான முயற்சிகளே நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் தோன்றித் தொழில் செய்வோரும் பட்டம் பெற வழிவகுத்தது. 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தொலைக்கல்வியைக் கணினி வலையமைப்பில் இணைக்கும் திட்டம் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ‘நெனசல’ அறிவகங்கள் கிராமங்களிலே முளைத்தன.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவையனைத்தும் சோதனைக்கு உள்ளாயின. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேதான் கணினி இருந்தது. எமது வகுப்பு மாணவனொருவனின் வீட்டில் இருந்தது ஒரே கைத்தொலைபேசி. இரவில் அது தந்தையோடு கடலுக்குச் செல்லும். விடிந்து அவர் கரையேறிய பின்னரே முதல்நாட் பாடம் மூன்று பிள்ளைகளுக்கும் கிட்டும். அவனைச் சோம்பேறி என்று திட்டிய குற்றம் எம்முடையது.

அதே வேளையில், ‘லேர்ன்’ என்னும் கல்வி வலையமைப்பின் வழியே பல்கலைக்கழக மாணவர்கள் கட்டணமின்றி விரிவுரை கேட்க ஏற்பாடாயிற்று. அரசு மனங்கொண்டால் வழி பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? கிராமத்துப் பிள்ளைகளோ, தாய்தந்தையர் கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய தரவில் வாட்ஸ்அப் பாடங்களைத் தேடினர்.

பாடசாலைகள் மீண்டும் திறந்தபின், 2021 நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். பாலம் அப்போதும் கட்டி முடிக்கப்படவில்லை. வானலையிற் பாடம் வரும் யுகத்தில், ஆற்றைக் கடக்க ஒரு பாலமில்லாமற் பிள்ளைகள் இறந்தனர் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

துறைமுகக் கரையிலே மா ஆலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் நிற்கின்றன. தொழிற்பயிற்சியும் திரைக்கு மாறிவருகின்றது. அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. நிரந்தர ஊழியன் பெறும் பயிற்சியை, ‘மேன்பவர்’ என்ற பெயரில் நாட்கூலிக்கு வருபவனும் பெறுவானா? கற்கும் நேரத்துக்கும் அவனுக்குக் கூலி உண்டா? பாடம் அவன் பேசும் தமிழிலோ சிங்களத்திலோ இருக்குமா?

இவ்வினாக்களுக்கு விடை காணாத வலையமைப்பு, எத்தனை விரைவாயினும், பழைய கப்பல்களைப் போலவே நம் கரையைத் தொட்டு நமக்கன்றிப் பிறர்க்கே சரக்கிறக்கிச் செல்லும். ஊர் நூலகத்திற் பொதுக் கணினியும், கட்டணமற்ற பாடமும், தொழிலாளிக்குக் கற்கும் நேரமும் கேட்போம். அவை சலுகைகள் அல்ல. இத்துறைமுகத்தை உழைத்துக் காத்தவர்களின் உரிமைகள்.