பலியா, கொடையா?

செவ்வாப்பேட்டையில் நம் அண்டை வீட்டார் இருவர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலை ஒருவர் 'பூசைக்கு' என்பார். மற்றவர் 'ஆராதனைக்கு' என்பார். இச்சொல் வேற்றுமைக்குப் பின்னே பழைய வழக்கொன்று உண்டு.

இயேசு சிலுவையில் ஒரே முறை பலியானார் என்று நம்புவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். (நமக்கு அந்நம்பிக்கை இல்லையாயினும் வழக்கின் நுட்பம் அறியத் தக்கதே.) அப்பலியே பூசையில் இரத்தஞ் சிந்தாது செலுத்தப்படுகிறது என 1562-இல் திரெந்து சங்கம் உறுதி செய்தது. முடிந்த பலியை மீண்டும் செலுத்துவதற்கில்லை. அப்பமும் ரசமும் இறைவன் மனிதனுக்கு அளிக்கும் கொடையேயன்றி, மனிதன் இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையல்ல என்பது லூத்தர் கொள்கை.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபின் இவ்வழக்கு தமிழிலும் மூண்டது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், லூத்தர் சபையாரை மறுத்து 1728-இல் 'வேத விளக்கம்' எழுதினார். 'பேதகமறுத்தல்' என்பதும் அவருடையதே. இச்சண்டையால் தமிழ் உரைநடைக்கு விளைந்த ஆதாயம் சிறிதன்று!

கேரளத்துச் சுரியானிக் கத்தோலிக்கர் பூசையைக் 'குர்பானா' என்பர். அதற்கும் 'குர்பான்' என்னும் அரபுச் சொல்லுக்கும் வேர் ஒன்றே. நெருங்குதல் என்பது பொருள். இதனை நாம் சொன்னபோது பூசைக்குச் செல்பவர் மகிழ்ந்தார். ஆராதனைக்குச் செல்பவரோ, "நெருங்கி வந்தது யார் ஹஜ்ரத், மனிதனா, கடவுளா?" என்று வினவினார்.