ஓடும் தண்ணீரில் பிறந்த படம்

கோவை அவினாசி ரோட்டில் ஸ்கேன் சென்டருக்கு 'எம்.ஆர். ஆஞ்சியோ' எடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "ஊசி போடோணுமுங்களா?" என்றுதான். மூளை ரத்தக்குழாய் என்றால் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஊசி இல்லாமல், எக்ஸ்ரே இல்லாமல், இருட்டான படத்தில் ரத்தக்குழாய்கள் மட்டும் கிளை கிளையாக வெளுத்துத் தெரியும். ரத்தம் ஓடுகிறது, சுற்றியுள்ள திசு ஓடவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் காந்தக் கருவி பிடிக்கிறது. இந்த வித்தை முதலில் வெளிப்பட்டது ரத்தத்தில் அல்ல. 1951-இல், பெங்களூரில், குழாயில் ஓடிய தண்ணீரில்.

தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் சில கருக்கள் அதன் திசையிலும் சில எதிர்த்திசையிலும் நிற்கும். கிட்டத்தட்ட சரிபாதி. மருத்துவமனையின் 1.5 டெஸ்லா காந்தத்தில்கூட, 10 லட்சம் கருக்களில் காந்தத்தின் திசையில் கூடுதலாக நிற்பவை சுமார் 5. அந்த ஐந்தை நம்பித்தான் அத்தனை விலை கொடுத்து மெஷின் வாங்குகிறார்கள். அந்தக் காந்தத்துக்குப் பொருத்தமான 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பினால் கருக்கள் அதை உறிஞ்சிப் புரளும். 1945 டிசம்பரில் ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்ட் மூவரும் பாரஃபின் மெழுகில் இதைக் கண்டார்கள். சற்றுப் பின்னால் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக்கின் குழு தண்ணீரில் கண்டது. பர்செலுக்கும் பிளாக்குக்கும் 1952-இல் நோபல் கிடைத்தது.

இதில் ஒரு தொல்லை உண்டு. அலையை விடாமல் அனுப்பினால் இரு பக்கமும் சமமாகி, சிக்னல் மங்கிவிடும். கொங்கு நாட்டுக் கிணறு மாதிரிதான்: மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். சுத்தமான தண்ணீரின் கருக்கள் 'ஊறி' வரச் சில நொடிகள் பிடிக்கும். ஆராய்ச்சிக்காரருக்கு அது இம்சை.

இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியல் துறையிலிருந்த ஜி. சூர்யன் அந்தத் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். காந்த முனைகளுக்கு நடுவே குழாய், குழாயைச் சுற்றிக் கம்பிச்சுருள். நீர் நின்றபோது மங்கிக் கிடந்த சிக்னல், ஓடத் தொடங்கியதும் எழுந்தது. சுருளுக்குள் களைத்துப்போன கருக்கள் வெளியேற, புதியவை வந்துகொண்டே இருந்தன. ஆக, சிக்னலை வைத்தே ஓட்டத்தை அறியலாம்! சி.வி. ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் இது வெளியானது. ராமன் விளைவைக் கொண்டாட ஆண்டுதோறும் பிப்ரவரி 28 இருக்கிறது. சூர்யன் பெயரை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதே 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு இந்தியரின் கையும் இந்த அணுக்கருக் காந்த ஆய்வில் இருந்தது. எஸ்.எஸ். தர்மாட்டி, ஆர்னால்டு, பேக்கார்டு மூவரும் சாராயத்தில் போதை தரும் எத்தனாலை வைத்துப் பார்த்தபோது, ஹைட்ரஜனின் சிக்னல் மூன்று முகடுகளாகப் பிரிந்தது, பரப்பளவு 3:2:1. மூலக்கூறில் ஹைட்ரஜன் எந்த அணுவோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று வேதியியலார் படிக்கக் கற்றது அங்கிருந்துதான். தர்மாட்டி பிறகு மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகத்தில் இத்துறையை நிறுவினார்.

ஓட்டத்தின் கதைக்கு வருவோம். 1959-இல் ஜே.ஆர். சிங்கர் எலி வாலில் ரத்த ஓட்டத்தை இந்த வழியில் அளந்தார். 1973-இல் பால் லாட்டர்பர் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றிப் படமாகவே வரைந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் ஊசியில்லா ஆஞ்சியோ. படமெடுக்கும் துண்டுப் பகுதியில் அலையை அடுத்தடுத்து அடிக்கிறார்கள்; நிற்கும் திசு களைத்துக் கறுத்துவிடும். வெளியிலிருந்து பாய்ந்து வரும் ரத்தம் அந்த அடி படாதது, ஆகவே வெளுப்பு. ஆளே காந்தத்துக்குள் படுத்திருப்பதால், வரும் ரத்தம் வழியிலேயே தயாராகி வந்துவிடுகிறது.

குறையும் உண்டு. குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் சுழித்தால் சிக்னல் சிதறும். சின்ன அடைப்பு படத்தில் பெரிதாகத் தெரியும். ரத்தம் ரொம்ப மெதுவாக ஊர்ந்தாலோ, அதுவும் திசுவோடு சேர்ந்து களைத்துவிடும்; திறந்திருக்கும் குழாய்கூட மூடியதுபோல் காட்டும். சந்தேகமான இடங்களில் ரேடியாலஜிஸ்ட் கான்ட்ராஸ்ட் ஊசி கேட்பது இதனால்தான்.