ஆங்கில அகராதியில் 'கூலி' ஆளான கதை

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால், அலோர் என்பது தடம் அல்லது ஓடை. காஜா என்பது யானை. பிள்ளையாரைக் கஜமுகன் என்று கும்பிடும் தமிழருக்கு இந்தக் காஜா புதியதல்ல. கடல் தாண்டி மலாய் மொழிக்கு வந்து, ஓர் ஊரின் பெயராகவே தங்கிவிட்ட வடமொழிச் சொல் அது.

சொற்களும் மனிதர்களைப் போலவே பயணம் போகின்றன. அப்படிப் போன தமிழ்ச் சொற்கள் ஆங்கில அகராதியிலும் குடியேறியுள்ளன. ஆங்கிலேயரின் காதுக்கு அவை விசித்திரமான சொற்கள். தமிழர் அவற்றின் பொருளைப் படித்தால் சில இடங்களில் சிரிப்பார்கள். சில இடங்களில் மனம் வருந்துவார்கள்.

நானிங் போரும் மிளகுத் தண்ணீரும்

இன்றைய அலோர் காஜா மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று நானிங் எனப்பட்டது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி வரியாகக் கேட்டது. நானிங் பெங்குலு டோல் சைட் மறுத்தார். 1831-ல் கம்பெனி அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. 1832-ல் மீண்டும் பெரிய படையோடு வந்து, காட்டை வெட்டிப் பாதை போட்டுத்தான் நானிங்கைப் பிடிக்க முடிந்தது. அந்தப் படைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணச் சிப்பாய்கள். இரப்பர்க் கன்று ஊன்றப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியரின் கால் இந்த மண்ணில் பட்டுவிட்டது.

போரைப் பற்றி எழுதியவர்களும் சென்னைப் படை அதிகாரிகளே. பீரங்கிப் படையைச் சேர்ந்த பெக்பி எழுதிய மலாயா தீபகற்ப நூல் 1834-ல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சானது. நியூபோல்டின் இரண்டு தொகுதி நூல் 1839-ல் லண்டனில் வெளிவந்தது.

சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த இத்தகைய ஆங்கிலேயருக்கு 'மல்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. 'முல்லிகட்டானி' என்பதன் சுருக்கம் அது. முல்லிகட்டானி வேறொன்றுமில்லை, தமிழரின் மிளகுத் தண்ணீர்தான்! விருந்தைச் சூப்பில் தொடங்கிப் பழகிய ஆங்கிலேயர், இரசத்தில் இறைச்சியும் அரிசியும் சேர்த்துக் கெட்டியாக்கிவிட்டார்கள். பெயரில் தண்ணீர் இருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீரைக் காணோம்.

பொருளாகப் போன சொற்கள்

இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி, 1886-ல் 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதியை வெளியிட்டார் ஹென்றி யூல். அவரோடு உழைத்த ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; நூல் வெளிவருமுன் 1882-ல் காலமானார். அகராதியின் பெயரே ஒரு வேடிக்கை. முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற குரல், ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் ஹாப்சன் ஜாப்சன் ஆகிவிட்டது.

தமிழரின் சுருட்டு ஆங்கிலத்தில் 'ஷெரூட்' ஆனது. திருச்சிச் சுருட்டின் புகழ் லண்டன்வரை எட்டியது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார்.

கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிக் கடலில் இறங்கும் சோழமண்டலக் கரை மீனவரின் மிதவை அது. வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே அதைப் பற்றி எழுதினார். 1876-ல் அமெரிக்கப் படகுக் கலைஞர் ஹெரெஷாஃப் இரண்டு உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார். அத்தகைய படகுகளுக்கே இப்போது அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கட்டும் போயிற்று, மரமும் போயிற்று. பெயர் மட்டும் மிஞ்சியது.

குருந்தம் 'கொரண்டம்' ஆனது. மாணிக்கமும் நீலமும் இந்தக் கனிமத்தின் வகைகளே என்கிறது அறிவியல். காசு என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாகப் போய், கீழைநாட்டுச் சிறு நாணயங்களைக் குறிக்கும் 'கேஷ்' ஆனது. ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஒலி ஒன்று, வேர் இரண்டு.

இவற்றில் யாருக்கும் மனக்குறை இல்லை. சூப்பு கெட்டியானதாலோ கட்டுமரம் சொகுசுப் படகானதாலோ தமிழருக்கு நட்டம் ஏதும் வந்துவிடவில்லை.

ஆளைத் தொட்ட சொற்கள்

சொல் மனிதரைக் குறிக்கப் புறப்பட்டபோதுதான் கதை மாறுகிறது. பறை ஓர் இசைக்கருவி. அதன் பெயரோடு சேர்ந்த ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் 'பரையா' என்று ஆங்கிலம் வழங்கியது. தெருநாய்க்கும் அதையே பெயராக வைத்தது. அது மலாய் மொழியிலும் புகுந்தது. 'இந்தர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, இந்தச் சொல் இடம்பெற்றதை எதிர்த்து மலேசிய இந்தியர்கள் குரல் எழுப்பினர். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அகராதியில் தூங்கிய ஒரு சொல் ஒரு நாட்டின் வகுப்பறைகளையே உலுக்கிவிட்டது.

கண்ணால் கண்டு மேற்பார்ப்பவர் கங்காணி. இந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் ஏறியது. தோட்ட நிருவாகம் கங்காணியைத் தமிழகத்திற்கு அனுப்பி, அவருடைய ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டியது. ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குச் சிறு தொகை கிடைத்தது. மலாயாவுக்கான ஒப்பந்தத் தொழிலாளர் முறை 1910-ல் முடிவுக்கு வந்த பிறகும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938-ல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தபோதுதான் அது ஓய்ந்தது.

எல்லாவற்றிலும் வினோதமானது 'கூலி'. இச்சொல் குஜராத்தின் கோலி இன மக்களின் பெயரிலிருந்து வந்ததா, தமிழ்க் கூலியிலிருந்து வந்ததா என்று ஹாப்சன் ஜாப்சன் இரண்டு வழிகளையும் ஆராய்கிறது. எந்த வழியில் தொடங்கியிருந்தாலும், தமிழர் வேலை செய்த தோட்டங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்திலோ அது உழைக்கும் ஆளையே குறித்தது. ஊதியத்தின் பெயரை ஆளுக்குச் சூட்டியபின், அந்த ஆளுக்கு வேறு பெயர் தேவையில்லாமல் போயிற்று.

1893-ல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளை அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் சாமியைக் கொண்டு இந்தியர்களைச் 'சாமி' என்றும் இளக்காரமாக அழைத்தார்கள். சாமி என்றால் எசமான் என்று அர்த்தம், நான் உமக்கு எசமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிக் கொடுத்ததைத் தம் சுயசரிதையில் காந்தி எழுதியிருக்கிறார். சொல்லின் பொருள் தெரிந்தவனிடம் அந்தச் சொல்லை ஏவினால், அது ஏவியவனையே வந்து அடிக்கும்!

மொரிசியஸ் தீவில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய துறை ஒரு காலத்தில் 'கூலி காட்' எனப்பட்டது. பிறகு 'ஆப்ரவாசி காட்', அதாவது குடிபெயர்ந்தோர் துறை, என்று பெயர் மாறி, 2006-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

எது இழிவு?

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சிக்குக் கிடைக்கும் பலனைக் கூலி என்றே குறிப்பிடுகிறார். அவருக்கு அது கூசவேண்டிய சொல்லாக இல்லை. இழிவு சொல்லில் பிறக்கவில்லை. ஆளைப் பார்க்காமல் வேலையை மட்டும் பார்த்த கண்ணில் பிறந்தது.

ரெம்பியாவிலோ டுரியான் துங்கலிலோ தெபோங்கிலோ ஒரு மாணவர் ஆங்கில அகராதியைப் புரட்டும்போது இந்தச் சொல் கண்ணில் படலாம். அப்போது பெற்றோர் பேச்சை மாற்றவேண்டாம். அந்தச் சொல்லுக்கு அகராதி சொல்லும் பொருள் ஒன்று, தாத்தாவும் பாட்டியும் அறிந்த பொருள் வேறொன்று. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய அவர்கள் கூலி வாங்கினார்கள், கூலியாக இருக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது வீட்டிலுள்ள பெரியவர்களின் பொறுப்பு.