உமி நெருப்பும் சோப்பு நுரையும்

பழவேற்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இறாலும் நண்டும்தான். கொஞ்சம் சரித்திர ஆர்வம் இருப்பவர்கள் டச்சுக் கல்லறையையும் எட்டிப் பார்ப்பார்கள். 1610-ல் விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கி இங்கே வியாபாரம் தொடங்கிய டச்சுக்காரர்கள், 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏற்றுமதி போதாதென்று ஒரு வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். இங்கே செய்த மருந்து பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வரை கப்பலில் போயிருக்கிறது.

இந்த டச்சுக்காரர்கள் தங்கள் ஊரில் அடுப்பு எரித்தது எதைக் கொண்டு தெரியுமா? மண்ணை வெட்டி! சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் அழுகியும் அழுகாமலும் ஆயிரக்கணக்கான வருடங்கள் படிந்து உண்டாகும் பீட் மண் அது. தமிழில் 'முற்றா நிலக்கரி' என்று அழகாகச் சொல்கிறார்கள். ஹாலந்தின் செங்கல் சூளையும் பீர் ஆலையும் அதில்தான் ஓடின. வெட்டி வெட்டியே பல இடங்களில் நிலம் ஏரியாகிவிட்டது. நம் பக்கத்தில் நீலகிரியின் சதுப்புகளில் இந்த மண் உண்டு.

ஆனால் உலகத்தின் வெப்ப மண்டலப் பீட் நிலத்தில் பெரும்பங்கு, அதே டச்சுக்காரர்கள் போய் ஆண்ட இந்தோனேசியாவில் கிடக்கிறது. அது பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1997-ல் உலகம் பார்த்தது. 1995-ல் அதிபர் சுகார்த்தோ, மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல் வயலாக்குகிறேன் என்று கிளம்பினார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை, மண் காய்ந்ததுதான் மிச்சம். 1997-ல் எல் நினோ வறட்சி வந்ததும் எரிந்தது. அந்த ஒரு வருடம் இந்தோனேசியப் பீட் நிலத் தீயிலிருந்து வெளியேறிய கரியமிலம், உலகம் முழுக்க ஒரு வருடம் எரிக்கும் பெட்ரோல், நிலக்கரியிலிருந்து வருவதில் 13 முதல் 40 சதவீதம் இருக்கும் என்று 2002-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். 2015-ல் மறுபடி 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நஷ்டம் சுமார் 1,600 கோடி டாலர் என்றது உலக வங்கி. நடுவில் 2013 ஜூனில் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருந்த நம்மவர்களும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள்.

இதை ஏன் சட்டென்று அணைக்க முடியவில்லை? கிராமத்தில் உமிக் குவியல் எரிவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மேலே சாம்பல், சுடர் கிடையாது, உள்ளே கனல். பீட் தீயும் அப்படித்தான். சுடர்விடும் தீயைவிடக் குறைந்த சூடு, குறைந்த காற்று போதும். மண்ணுக்குள்ளேயே நகர்ந்து, பத்து நாள் கழித்து வேறோர் இடத்தில் தலை நீட்டும். தண்ணீர் ஊற்றினால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நன்றாகக் காய்ந்த பீட் தண்ணீரை உறிஞ்சாது. மெழுகு தடவினாற்போல் தள்ளிவிடும். ஊற்றிய நீர் கிடைத்த சந்து வழியாகக் கீழே ஓடிவிட, கனல் அப்படியே இருக்கும்.

தண்ணீரோடு நுரைப்பொருள் கலந்தால் அதன் பரப்பு இழுவிசை குறைந்து, மண்ணுக்குள் ஊறத் தொடங்குகிறது. வெள்ளையாகக் குவியும் நுரை பார்க்கத்தான் பிரமாதம். வேலை செய்வது அதிலிருந்து வடியும் ஈரம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதனைக்கூடத்தில் செய்து பார்த்ததில், இப்படிக் கலந்த நீர், அணைக்கும் நேரத்தை 40 சதவீதம் வரை குறைத்தது. ஆனால் ஒரு கிலோ பீட்டுக்குத் தேவைப்பட்ட திரவம் சுமார் 6 லிட்டர். கணக்கு போடலாமா? ஒரு ஹெக்டேர், 30 சென்டிமீட்டர் ஆழம், ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம் கிலோ. வேண்டியது 18 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி 150 நடை அடிக்க வேண்டும், அதுவும் ஒரு ஹெக்டேருக்கு! லாரி வாடகையை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம் :-)

தீயணைப்பு நுரை புதிய விஷயமில்லை. பாகு எண்ணெய் வயல் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் லோரன் 1900-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். எண்ணெய் தண்ணீரில் மிதந்து எரியும், நுரை எண்ணெயின் மேல் மிதக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஃப்ளோரின் சேர்மங்கள் கலந்த நுரையைக் கொண்டுவந்தது. எண்ணெய்த் தீக்கு அதுபோல வேறில்லை. ஆனால் அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் மட்குவதே இல்லை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-லும் 2019-லும் அவற்றில் முக்கியமான இரண்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. பீட், மரம் போன்றவற்றுக்கான நுரையில் ஃப்ளோரின் தேவையில்லை. செயற்கை டிடர்ஜென்ட் போதும். டிடர்ஜென்ட் என்றால் மீனின் செவுளுக்கு ஆகாது. தீயணைத்த நீர் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான்.

இங்கேதான் ஜப்பானின் கிட்டாக்யூஷு நகரம் வருகிறது. 1960-களில் இதன் தொகாய் விரிகுடாவுக்கே 'சாவுக் கடல்' என்று பெயர். அவ்வளவு ஆலைக் கழிவு. அங்கிருந்த ஷபோந்தமா என்ற நிறுவனம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிடர்ஜென்ட் வியாபாரத்தை 1974-ல் நிறுத்திவிட்டு வெறும் சோப்பு மட்டும் விற்பது என்று முடிவெடுத்தது. முதலாளிக்கு டிடர்ஜென்டால் தோல் தடித்ததுதான் காரணம். விற்பனை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. 17 வருடம் நஷ்டம்! எந்த நிர்வாகவியல் பாடப் புத்தகமும் இதைச் சிபாரிசு செய்யாது.

1995 ஜனவரி 17-ல் கோபே பூகம்பம். தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, எரியும் தெருக்களில் தீயணைப்பு வண்டிகள் கையைப் பிசைந்து நின்றன. குறைந்த நீரில் அணைக்கும் வழி தேடிய கிட்டாக்யூஷு தீயணைப்புத் துறை, சோப்பு நிறுவனத்தின் கதவைத் தட்டியது. பல்கலைக்கழகமும் சேர்ந்து உழைத்து, 2007-ல் சோப்பு நுரை விற்பனைக்கு வந்தது. 2010-களில் அதைக் கலிமந்தான் பீட் தீயில் சோதித்துப் பார்த்தார்கள்.

சோப்பு ஏன் தேவலாம்? பழவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். துணி துவைக்க அது தொல்லை. மீனுக்கோ அதுவே பாதுகாப்பு. ஆற்றில் கலந்ததும் சோப்பின் வீரியம் போய்விடுகிறது. (அணைக்கும் நேரம்வரை நுரைக்க வேண்டுமே என்று, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பொருளையும் அளவாகச் சேர்க்கிறார்கள்.)

நம் நாட்டில் பீட் காடுகள் எரிவதில்லை. குப்பை மேடுகள் எரிகின்றன, அதே உமி நெருப்புப் பாணியில். 2022 ஏப்ரலில் பெருங்குடி, சதுப்பு நிலத்தை ஒட்டியே நாள்கணக்கில் புகைந்தது. 2023 மார்ச் 2-ல் பற்றிய கொச்சி பிரம்மபுரம் அணைய 12 நாள் ஆயிற்று. ஹெலிகாப்டர் ஊற்றிய தண்ணீரைவிட, பொக்லைன் வைத்துக் குப்பையைக் கிளறிக் கிளறி நனைத்ததுதான் கடைசியில் பலித்தது.

வடசென்னையின் கொடுங்கையூர் மேடும், மணலி, எண்ணூர் எண்ணெய்க் கிடங்குகளும் இருப்பது கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் ஓடும் பக்கம். அந்தக் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தைப் பழவேற்காடு ஏரியோடு இணைக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதில் படகும் வலையும் கருத்துப்போயின. அடுத்த பெரிய தீயில் எந்த நுரையை அடிப்பார்கள் என்பது கோட்டைக்குப்பத்துக்கும் ஆண்டிக்குப்பத்துக்கும் சம்பந்தமில்லாத கேள்வி அல்ல. அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு: நல்ல மீன்பிடி இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தன் முறை வரும் நாளில் இறால் இல்லையென்றால், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாளின் வருமானத்தை எந்தத் தீயணைப்புச் செலவுக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

சோப்பு நுரைக்கும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஏரித் தண்ணீரை மோட்டார் வைத்து எடுத்தால் அது நுரைக்கவே நுரைக்காது. நல்ல தண்ணீரை லாரியில்தான் கொண்டுவர வேண்டும்.